மூன்றாம் படியில் வெள்ளை இலை

அன்று நான் பாக்கியத்தின் வாசலுக்குப் போனது செடி பார்க்க அல்ல. அவள் கையிலிருந்து கத்தியை வாங்கப் போனேன்.

மழை விட்டு அரை மணி நேரம் இருக்கும். மணி என்னவோ நாலரைதான். ஆனால் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் அந்த லயத்தில் அப்போதே விளக்குப் போடலாம் போலிருந்தது. பின்பக்கம் வெட்டி இறக்கிய மண் கரை, முன்பக்கம் ரப்பர் மரங்கள், கூரைக்கு மேலே ஒரு பெரிய பலா மரம். கடைசிக் காம்பரா, அதாவது கடைசி அறை வீடு, பாக்கியத்துடையது. பாதையிலிருந்து ஐந்து கல் படி ஏறினால் அவளுடைய இஸ்தோப்பு, முன் திண்ணை.

கீழே நின்று சட்டைப் பையிலிருந்த குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். அதில் அவள் பெயரும், பெயருக்குக் கீழே நாலு மர இலக்கங்களும் இருந்தன. நாலும் அவள் காயப்படுத்திய மரங்கள்.

தேயிலைப் பக்கத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ரப்பரில் பால் வெட்டுவது பட்டையோடு நிற்க வேண்டிய வேலை. ஒரு நூலளவு ஆழமாகப் போனாலும் கத்தி மரத்தில் பட்டுவிடும். அந்த இடம் பிறகு முண்டு முண்டாக வீங்கும், மறுபடி அங்கே வெட்ட முடியாது. ஒரு மரம் என்றால் கண்டித்து விடுவோம். நாலு என்றால் கத்தியை வாங்கிக்கொண்டு ஆளைப் புல் வெட்ட அனுப்புவோம். பதினெட்டு வயதிலிருந்து பால் வெட்டி, ஐம்பதைத் தொட்ட ஒருத்திக்கு அது எவ்வளவு பெரிய இறக்கம் என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் ஃபீல்ட் ஒஃபிசராக இருந்த நான் அங்கே நின்றேன்.

அவளைக் கூப்பிட வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

அந்த இருட்டுக்குள் படிகள் மட்டும் வெளிச்சமாக இருந்தன.

பெயின்ட் வாளிக்குள் இத்தனை நிறமா

படியின் இரண்டு ஓரத்திலும், இஸ்தோப்புச் சுவரோரமாகவும் முப்பது நாற்பது பூச்சட்டிகள். சட்டி என்று நான் சொல்வது மரியாதைக்கு. பெயின்ட் வாளி, பிடி போன பால் வாளி, விளிம்பு உடைந்த பேசின், அடி ஓட்டையான சோற்றுக் குண்டான், பாதியாக அறுத்த எண்ணெய்க் கேன். ஆனால் கண் அந்தப் பாத்திரங்கள் பக்கம் போகவே இல்லை.

முதல் வாளியில் வெள்ளை ஹபரல. நம்மவர்களும் அதைச் சிங்களப் பெயரில்தான் சொல்வார்கள். சேம்பு போல அகன்ற இலை, முழுக்க வெள்ளை, நரம்பு மட்டும் பச்சை. அதன் காலடியில் கறுப்பென்றே சொல்லக்கூடிய ஊதா நிறத்தில் கோலியஸ். அதற்கும் கீழே, வாளியின் விளிம்பைத் தாண்டி வழிந்து தொங்குகிற, வெள்ளிக் கோடு போட்ட ஒரு கொடி. உயரம் ஒன்று, உடம்பு ஒன்று, தொங்கல் ஒன்று. மூன்றும் சேர்ந்து அந்தப் பழைய வாளியை மறைத்துவிட்டன.

அடுத்த பேசினில் எலுமிச்சைப் பச்சையில் மணி பிளான்ட், நடுவில் ரோஸ் நிறக் காசித்தும்பை. அதற்கடுத்த குண்டானில் இலையெல்லாம் வெள்ளி பூசியது போன்ற பிகோனியா, அதற்குத் துணையாக நுணுக்கமான பெரணி. பூ என்று பார்த்தால் அந்தக் காசித்தும்பை ஒன்றுதான். மீதியெல்லாம் இலை. இலையை வைத்தே இப்படி ஒரு வேலை செய்யலாம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. உண்மையைச் சொல்கிறேன், வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

பாக்கியம் தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தாள்.

"வாங்க ஐயா. என்னாங்க இந்த மழையில?"

"இதெல்லாம் யார் வெச்சது?"

"நான்தாங்க. வேற யாரு வெப்பா?"

"ஒரு வாளிக்குள்ள மூணு செடிய வெச்சிருக்கியே. சண்ட போடாதா?"

"ஒரே மாதிரி தண்ணி குடிக்கிறதப் பாத்து வெச்சா சண்ட போடாதுங்க. தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

குடித்தேன். குறிப்புப் புத்தகத்தைச் சட்டைப் பையில் போட்டேன். வந்த காரியத்தைச் சொல்லாமலே இறங்கிப் போனேன்.

என் ரோஜாக்களின் கதி

நான் அப்படி வாயடைத்துப் போனதற்கு ஒரு முன்கதை உண்டு.

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்தச் சப்ரகமுவ ரப்பருக்கு நான் மாற்றலாகி வந்ததை முந்தைய அத்தியாயம் ஒன்றில் எழுதியிருக்கிறேன். அப்போது லொறியில் வீட்டுச் சாமான்களை விட என் ரோஜாச் செடிகள்தான் அதிக இடம் பிடித்தன. அலுமாரியை இறக்கச் சொல்லிவிட்டு ரோஜாவை ஏற்றினேன் என்று என் மனைவி திலகா இன்றைக்கும் சொல்வாள்.

இந்த வரியைத் தட்டும்போது அவள் நிச்சயம் சிரிப்பாள். நான் கொப்பியில்தான் எழுதுகிறேன். அவள்தான் அதைப் பார்த்துப் போனில் தட்டி இந்தப் பத்திரிகைக்கு அனுப்புகிறாள். கொஞ்ச நாளாக என் எழுத்து வரியை விட்டு இறங்கி இறங்கிப் போகிறது என்று புகார் வேறு.

மலைநாட்டில் பனிக்கும் வெயிலுக்கும் செழித்த ரோஜாக்கள், இங்கே குவார்ட்டர்ஸைச் சுற்றியிருந்த ரப்பர் நிழலில் ஒரே வருடத்தில் வெறும் முள்ளாகிப் போயின. ஜெர்பராவை வைத்தேன், அழுகியது. டேலியாவை வைத்தேன், அதுவும் அழுகியது. "இந்தப் பக்கத்தில் அட்டையும் பாசியும்தான் வளரும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். பன்னிரண்டு வருடம் அப்படிச் சொன்னேன். அந்தப் பன்னிரண்டு வருடமும் என் குவார்ட்டர்ஸிலிருந்து கால் மைல் தூரத்தில், என்னைவிட இருட்டான வாசலில், ஒருத்தி இப்படி வைத்திருந்தாள். நான் அந்த லயத்துப் பக்கம் போனதுண்டு. ஆனால் கூரை ஒழுகுகிறதா, தண்ணீர்க் கான் அடைத்திருக்கிறதா என்று பார்க்கத்தான் போயிருக்கிறேன். கண்ணை உயர்த்தி ஒருவருடைய வாசலைப் பார்த்ததில்லை.

பொறாமையாக இருந்தது. அதை மறைப்பானேன்?

பாலு, பட்டு, கிழவி

அதற்குப் பிறகு ஏதாவது ஒரு சாக்கை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போக ஆரம்பித்தேன். பாக்கியத்துக்குச் செடிகளின் பெயர் தெரியாது. தானே பெயர் வைத்திருந்தாள். வெள்ளை ஹபரல அவளுக்கு 'பாலு'. வெள்ளிக் கோட்டுக் கொடி 'பட்டு'. நரைத்த இலை பிகோனியா 'கிழவி'. எல்லாமே யாரோ முறித்துக் கொடுத்த கொப்பும், தெஹியோவிட்ட டவுனில் யாரோ வெட்டிப் போட்ட குப்பையிலிருந்து எடுத்த கிழங்கும்தான்.

மண்ணை அவள் வாங்கவில்லை. ரப்பர் மரத்தடியில் மக்கிய இலையை அள்ளி வந்து, ஆற்று மணலும் பழைய சாணமும் கலந்து, அடியில் தேங்காய் மட்டைத் துண்டுகளைப் போடுவாள். ஒவ்வொரு வாளியின் அடியிலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளைகள்.

"இங்க செடி தாகத்துல சாகாதுங்க ஐயா. தண்ணி குடிச்சே சாகும்" என்றாள். பன்னிரண்டு வருடமாக என் ஜெர்பராவும் டேலியாவும் ஏன் செத்தன என்பது அன்று எனக்குப் புரிந்தது.

கூரைத் தண்ணீர் நேராக விழுகிற வரியில் ஒரு சட்டியும் இருக்காது. ஒரு கையகலம் உள்ளே தள்ளியே இருக்கும். மாசி மாதம் ரப்பர் மரங்கள் இலை முழுவதையும் கொட்டிவிட்டு நிற்கும்போது அந்த வாசலில் வெயில் சுள்ளென்று இறங்கும். அப்போது ஒரு மாதத்துக்குப் பாலுவைத் தவிர எல்லாச் சட்டிகளையும் சுவரோடு ஒட்டி வைப்பாள். தளிர் வந்ததும் பழைய இடத்துக்கே திரும்பும். பழைய இடம் என்றால் அச்சொட்டாக அதே இடம்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. அவளிடம் அருமையான சிவப்பு ஹபரல இருந்தது. ரத்தச் சிவப்பு. அதைப் படியில் வைக்காமல் உள்ளே சுவரோரமாக ஒதுக்கியிருந்தாள். படியில் முழுக்க வெள்ளையும் வெளிர்பச்சையும்தான். அதிலும் மூன்றாவது படியில், நடப்பதற்கே இடைஞ்சலாக, பெரிய பாலு வாளி ஒன்று.

"இந்தச் செவப்ப முன்னால வெச்சா என்னா? வாறவங்க கண்ண இழுக்குமே."

"வெளிச்சம் கொறஞ்சா எது கண்ணுக்குத் தெரியுதோ அதத்தான் முன்னால வெப்பேங்க" என்றாள். "காலைல பெரட்டுக்குப் போறப்போ பாத்திருக்கேன். மொதல்ல வெள்ள தெரியும். அப்புறம் எளம்பச்ச. அப்புறமா ரோசு. செவப்பு எல்லாத்துக்கும் கடைசி. விடிஞ்சாத்தான் அது செவப்பு, அதுவரைக்கும் அது வெறும் இருட்டு."

பெரட்டு என்பது விடிகாலையில் ஆட்கள் கூடி வேலை பிரித்து வாங்கும் இடம். தினமும் அந்த நேரத்தில் நானும்தான் அங்கே நிற்கிறேன். எந்த நிறம் முதலில் தெரியும் என்று ஒரு நாளாவது கவனித்தேனா? நிழலில் செடி வைப்பதன் முழு ரகசியத்தையும் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாளே என்று வியந்தேன். அவள் ஏன் அதைக் கவனிக்க வேண்டி வந்தது என்று யோசிக்கவில்லை. செடிப் பைத்தியத்துக்கு வேறென்ன தெரியும்?

இதற்கிடையில் ஐந்தாவது மரமும் காயப்பட்டது.

தொரையின் போட்டி

தோட்டத்து மேனேஜரான தொரை என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "இன்னுமா அந்தப் பொம்பளை கையில கத்தி இருக்கு?" இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம் என்று மழுப்பினேன்.

அந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு வழி கிடைத்தது போலிருந்தது. கம்பனியின் எல்லாத் தோட்டங்களுக்குமாக லயத்து வாசல் தோட்டப் போட்டி வைத்தார்கள். எங்கள் பிரிவிலிருந்து ஒரு வாசலைக் காட்டும்படி தொரை என்னிடம் சொன்னார். நான் யோசிக்கவே இல்லை. பாக்கியம் பரிசு வாங்கினால், தோட்டத்துக்கே பெயர் வாங்கிக் கொடுத்தவளைத் தொரை எப்படிப் புல் வெட்ட அனுப்புவார்? அதுதான் என் கணக்கு.

நடுவர்கள் வெள்ளிக்கிழமை காலை வருவதாக இருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் அந்த வாசலை ஒரு தடவை பார்த்து வரலாம் என்று போனேன். பாக்கியம் வேலை முடிந்து பஸ் ஏறித் தெஹியோவிட்டவுக்குப் போயிருந்தாள். வாசலில் யாரும் இல்லை.

அங்கேதான் என் கை சும்மா இருக்கவில்லை.

ரோஜா வளர்த்தவனுக்கு ஒரு சட்டம் உண்டு. உயரமானது பின்னால், குட்டையானது முன்னால், பளிச்சென்ற சிவப்பு நட்ட நடுவில். அந்தச் சட்டப்படி எல்லாவற்றையும் மாற்றினேன். சிவப்பு ஹபரலவைப் படிக்குக் கொண்டுவந்தேன். மூன்றாம் படியில் வழியை மறித்துக்கொண்டிருந்த பாலு வாளியைத் தூக்கி உள்ளே சுவரோரம் வைத்தேன். அந்த இடத்தில் கறுத்த ஊதா கோலியஸ் இரண்டைச் சோடியாக வைத்தேன். வியர்த்து ஊற்றியது. கீழே இறங்கி நின்று பார்த்தேன், போனில் படமும் எடுத்தேன். என்னமோ பாக்கியத்துக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பில் விசில் அடித்துக்கொண்டு போனேன்.

ஒரு தொழிலாளியின் வாசலில், அவள் இல்லாத நேரத்தில், அவள் பொருளில் கை வைக்கலாமா என்ற கேள்வியே எனக்கு வரவில்லை. ஒஃபிசர் உத்தியோகம் மனிதனுக்குக் கொடுக்கிற வியாதி அது.

படி

வெள்ளிக்கிழமை பெரட்டுக்குப் பாக்கியம் வரவில்லை. பக்கத்துக் காம்பரா ராசம்மா வந்தாள். அவளும் பால் வெட்டுகிறவள், பாக்கியத்துக்குச் சம வயது, வாய் மட்டும் இரண்டு மடங்கு. பெரட்டு முடிந்து ஆட்கள் கலையும்வரை ஒதுங்கி நின்றாள். பிறகு என் முன்னால் வந்து நின்றாள்.

"நேத்து மத்தியானம் எங்க லயத்துக்கு வந்தீங்களா ஐயா?"

"வந்தேன்."

"சட்டியெல்லாம் நகத்தி வெச்சது நீங்களா?"

"ஆமா. ஏன்?"

"பாக்கியம் விழுந்துட்டா. பஸ்ஸுல வந்து எறங்கி வாறப்போ பொழுது சாஞ்சிருச்சு. மூணாம் படியில காலு எங்க வெக்கிறதுன்னு தெரியாம விழுந்துட்டா. மணிக்கட்டு ஒடஞ்சு போச்சு. முறிவு வைத்தியம் பாக்குற வெதமாத்தயாகிட்ட காட்டிக் கட்டுப் போட்டிருக்கு."

எனக்குப் புரியவில்லை. "இத்தன வருஷமா ஏறி எறங்குற படிதானே?"

ராசம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அவளுக்கு மாலைக்கண்ணு ஐயா. வெளிச்சம் மங்குனா ஒண்ணும் தெரியாது. அந்த வெள்ளையப் பாத்துத்தான் ஒவ்வொரு படியா கால வெப்பா. லயத்துல எங்க எல்லாருக்கும் தெரியும். ஒங்களுக்குத்தான் தெரியாது."

நின்ற இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கியது. மூன்றாம் படி மற்றப் படிகளைவிடக் குறுகலானது. அங்கே அந்தப் பெரிய வாளி வழியை மறிக்கவில்லை, வழியைக் காட்டியது.

விளங்கியது அது மட்டுமல்ல. ஆறு மாதத்துக்கு முன்னால் பால் வெட்டும் இடங்களை நான்தான் பிரித்து மாற்றினேன். அதுவரை பாக்கியம் வெட்டியது கிழக்குப் பார்த்த மேட்டு மலை. அங்கே விடியலின் முதல் வெளிச்சம் நேராக மரத்தில் விழும். நான் அவளைப் போட்டது ஓடையோரப் பள்ளத்தில். அங்கே ஏழு மணிக்கும் மங்கல்தான். முப்பது வருடத்தில் ஒரு மரத்தைக்கூடக் காயப்படுத்தாதவள், ஆறு மாதத்தில் ஐந்து மரத்தைக் காயப்படுத்தியதற்குக் காரணம் என் பென்சில்.

அன்று காலை நடுவர்கள் வந்தார்கள். நான் அடுக்கிய வரிசையைப் பார்த்து அவர்களில் சிங்களப் பெண்மணியான ஒரு நோனா "ஹரிம லஸ்ஸனய்" என்று இரண்டு தடவை சொன்னார். ரொம்ப அழகு என்று பாராட்டுகிறார். சில நாள் கழித்து மூன்றாம் பரிசும் கிடைத்தது, ஒரு பச்சைப் பூவாளி. கையில் கட்டோடு பாக்கியம் அதை வாங்கிக்கொண்டாள். சட்டிகளை நகர்த்தியது யார் என்று தொரையிடம் சொல்லவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"தெரியுதுங்க, தெரியலீங்க"

நடுவர்கள் வந்து போன அன்று சாயங்காலமே அவள் வாசலுக்குப் போனேன். அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் பாக்கியம் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா கத்திய வாங்கிக்குவீங்க" என்றாள்.

அதில் கோபமே இல்லை. அதனால்தான் அதிகமாகச் சுட்டது. கத்தியை வாங்கத்தான் நான் முதல் நாள் வந்தேன் என்பது அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

"தலையில ஒரு டோர்ச்சக் கட்டிக்கிட்டிருக்கலாமே?"

"எல்லாரும் சும்மா வெட்டுற வெளிச்சத்துல நான் மட்டும் டோர்ச் கட்டுனா, ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

கேட்டிருப்பேன்.

"சரி, சொல்லு. எது எங்க இருக்கணும்?" என்று சட்டைக் கையை மடித்தேன்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அந்த இடத்திலிருந்து எழும்பவில்லை. நான் ஒவ்வொரு வாளியாகத் தூக்கி வைத்து அவள் முகத்தைப் பார்த்தேன். "தெரியுதுங்க" என்றால் அங்கேயே விட்டேன். "தெரியலீங்க" என்றால் அடுத்ததை எடுத்தேன். முதலில் சிவப்பு அவள் கண்ணிலிருந்து போனது. பிறகு ஊதா. ரோஸ் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. எலுமிச்சைப் பச்சை அதைவிடக் கொஞ்சம் கூட. 'கிழவி'யின் வெள்ளி இலை, நான் எதிர்பாராத அளவுக்கு நின்றது. கடைசியில் பாலு மட்டும்.

இருட்டான செடிகளை ஒதுக்கிவிடலாமா என்று கேட்டேன்.

"ஐயோ, வேணாங்க. ஊதாவுக்குப் பக்கத்துல வெச்சாத்தான் வெள்ள இன்னும் வெள்ளையாத் தெரியும். அது இருந்தாத்தான் இதுக்கு மதிப்பு."

ஒவ்வொரு வெள்ளைக்கும் காலடியில் ஒரு கறுப்பு, இரண்டு வெள்ளைக்கு நடுவில் ஒரு இளம்பச்சை, பகலில் வருகிறவர்களுக்காகச் சுவரோரம் ஒரு சிவப்பு. முடிந்ததும் நானும் அவள் பக்கத்தில் கீழே நின்று பார்த்தேன். முதல் நாள் மத்தியானம் என் சட்டப்படி அடுக்கியது அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது வெளிச்சம் இருக்கும்வரை மட்டும் அழகு. இது வெளிச்சம் போகப் போக அழகாகிக்கொண்டே வந்தது. தேவைக்காகச் செய்த ஒரு காரியம் இவ்வளவு அழகாக அமையுமா என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். என் வாழ்நாளில் நான் பார்த்த தோட்டங்களில் அதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

கிழக்கு மலையை அப்போது வெட்டிக்கொண்டிருந்தது ராசம்மா. அவள் சம்மதித்தால்தான் மாற்றலாம். ஓடைப் பள்ளம் அட்டைக்குப் பேர்போன இடம். தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"இத ஆறு மாசத்துக்கு முன்னாலயே கேட்டிருக்கலாமேங்க" என்றாள் ராசம்மா. "அட்டைக்கு என் ரத்தம் என்னா புதுசா?"

இடமாற்றத்துக்குக் காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'நிர்வாக வசதி' என்று எழுதினேன். தொரையிடமும் அதையே சொன்னேன். மணிக்கட்டு கூடி வந்ததும் பாக்கியம் மேட்டு மலைக்குப் போனாள். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை அவள் பெயருக்குக் கீழே ஒரு மர இலக்கமும் ஏறவில்லை.

மூன்று வாளிகள்

போன வருடம் நான் ஓய்வு பெற்றேன். பெரட்டுக்களத்தில் மாலை போட்டு அனுப்பினார்கள். சாயங்காலம் அங்கிருந்து இறங்கும்போது படியில் கால் தடுமாறியது. புதுச் செருப்பு என்று சிரித்துச் சமாளித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். பாக்கியம் சிரிக்கவில்லை.

நாங்கள் எஹலியகொடவில் வாடகை வீட்டுக்கு வந்து பத்து நாளிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்கியமும் ராசம்மாவும் பஸ்ஸில் மூன்று வாளிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்றும் பாலு. திலகா அவற்றை ஜன்னலோரம் வைக்கலாம் என்றாள். பாக்கியம் கேட்கவில்லை. எங்கள் வீட்டு வாசலில் மூன்று படி. படிக்கு ஒன்றாக, ஓரத்தில், தானே குனிந்து வைத்தாள். அழகுக்கு வைக்கிறாள் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

சென்ற வாரம் பொழுது சாய்ந்த நேரத்தில் டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். சந்தியில் கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் சைக்கிளில் குறுக்கே போயிருக்கிறார். அவர் கத்திய பிறகுதான் அங்கே ஓர் ஆள் இருப்பதே எனக்குத் தெரிந்தது. ஒரு முழம் இடைவெளி. அவர் திட்டிவிட்டுப் போனார். நான் ரோட்டோரத்தில் நிறுத்தி என்ஜினை அணைத்தேன்.

அங்கிருந்து வண்டியை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஊரில் கரண்ட் இல்லை. வாசல் எங்கே, படி எங்கே என்று ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தது மூன்று வெள்ளை. ஒன்று, இரண்டு, மூன்று என்று கால் தானாக ஏறிப் போனது. மேலே ஏறி நின்ற பிறகுதான் அவள் எதற்காக அவற்றை அங்கே வைத்தாள் என்று விளங்கியது. கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். திலகா அப்போது பின்பக்கம் மெழுகுதிரி தேடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பாக்கியத்துக்குப் போன் செய்தேன்.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரியாம வேற யாருக்குங்க தெரியும்? நீங்க படியில கால இழுத்து இழுத்துத் தேடுனீங்க. நானும் அப்பிடித்தானே தேடுவேன்." அவளே கேட்டாள். "வீட்டம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"ஏங்க?"

"சொன்னா வண்டிச் சாவிய வாங்கிக்குவா."

அந்தப் பக்கத்தில் அவள் மெதுவாகச் சிரித்தாள்.

"நீங்க கத்திய வாங்காம எனக்குக் கெழக்கு மலையக் குடுத்தீங்க ஐயா. அவங்களும் ஏதாச்சும் ஒரு வழி வெச்சிருப்பாங்க. சொல்லிப் பாருங்க."

ஒரு வாரமாக நேரில் சொல்லப் பார்க்கிறேன், வாய் வரவில்லை. கொப்பியில்தான் எழுத வந்தது.

திலகா, இதை இவ்வளவு தூரம் தட்டி முடித்திருப்பாய். சாவி சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. எடுத்துக்கொள்.